பாதியில் பிரிவு மாறுவது பாவமா?

பொறியியல் முதலாண்டு முடிந்து கோடை விடுமுறைக்கு வீடு திரும்பும் பிள்ளைகளில் சிலர் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருப்பார்கள். அரியர் வைத்துவிட்டானோ என்று பெற்றோர் பயப்படுவார்கள். பல நேரம் விஷயம் வேறு. எடுத்த பிரிவு தனக்கானது இல்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றத் தொடங்கியிருக்கும். கட்டிய கட்டணத்தை நினைத்து வாய் திறக்காமல் இருக்கும். தயங்கித் தயங்கி ஒருநாள் கேட்டுவிட்டால், ‘கிடைச்சதே பெரிசு, நாலு வருஷத்தைப் பல்லைக் கடிச்சிக்கிட்டு முடிச்சிடு’ என்ற பதில்தான் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கிறது.

என்னிடம் இப்படிக் கேட்டு வருபவர்களில் சிலர் அண்மைக் காலமாக ஒரு பாடப்பிரிவைக் குறிப்பிட்டுச் சொல்கிறார்கள். இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங், அதாவது தொழிலகப் பொறியியல். மெக்கானிக்கல் படிப்பவர் கேட்கிறார், டெக்ஸ்டைல் படிப்பவர் கேட்கிறார், ஊரே ஏங்கும் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைத்தவரும் கேட்கிறார்: “சார், அதுக்கு மாறலாமா?” அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்பவருக்கு, தாராளமாக மாறு என்பேன். பெயரை மட்டும் கேள்விப்பட்டு வருபவரைக் கொஞ்சம் உட்கார வைத்துப் பேசுவேன். ஆனால் இருவரையும்விட, மாறவே வழியில்லாமல் கதவைச் சாத்தி வைத்திருக்கும் நம் கல்லூரி அமைப்பின் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

நம் பிள்ளைகள் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் லட்சணத்தை யோசித்துப் பாருங்கள். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்கு ஒரு கட்-ஆஃப். கலந்தாய்வில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் பிரிவுகள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, சென்ற ஆண்டு எது எத்தனையில் முடிந்தது என்ற பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, சித்தப்பாவின் நண்பர் போனில் சொல்லச் சொல்ல விருப்ப வரிசையை நிரப்புகிறார்கள். நிரப்புகிற பிள்ளைக்கு வயது பதினேழு. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்க எடுத்துக்கொள்ளும் நேரம்கூட இதற்கு எடுத்துக்கொள்வதில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியின் பெயருக்குக் கீழே தொழிலகப் பொறியியல் என்று ஒரு வரி இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. இளநிலையில் அந்தப் படிப்பைத் தரும் இடங்களைத் தமிழகத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்படி என்ன படிப்பு அது? திருப்பூரில் ஓரளவு பெரிய பனியன் கம்பெனி எதற்குள் போனாலும் ‘ஐ.இ. டிபார்ட்மென்ட்’ என்று ஒரு சின்ன அறை இருக்கும். அங்கிருந்து ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச்சும் அட்டையுமாக வந்து தையல் வரிசைக்குப் பக்கத்தில் நிற்பார். ஒரு டி-ஷர்ட் முழுதாகத் தைத்து முடிவதற்கு எத்தனை நிமிடம் ஆக வேண்டும் என்று அவர் கணக்கிட்டு வைத்திருக்கும் எண்ணுக்கு எஸ்.ஏ.எம். என்று பெயர். வெளிநாட்டு பையரிடம் விலை பேசுவது முதல் டெய்லருக்கு டார்கெட் போடுவது வரை அந்த எண்ணில்தான் நிற்கிறது.

கணக்குக்காக ஒரு வரிசையை எடுத்துக்கொள்வோம். ஷோல்டர் ஜாயின்ட் 18 விநாடி, கழுத்து ரிப் வைக்க 40 விநாடி, கை வைக்க 30, சைடு அடிக்க 28, அடி மடித்துத் தைக்க 24. வேலைக்கு ஒரு மெஷின். இந்த வரிசையிலிருந்து ஒரு மணி நேரத்தில் எத்தனை உருப்படி வெளியே வரும்? கழுத்து ரிப்பில் 40 விநாடிக்கு ஒன்றுதான் நகரும் என்பதால், மணிக்கு 90. அவ்வளவுதான். சைடு அடிப்பவரை மேஸ்திரி எவ்வளவு விரட்டினாலும், அவர் 28 விநாடி வேலையை 20 விநாடியில் முடித்தாலும், வெளியே வருவது அதே 90. விரட்டியதற்குக் கிடைத்த பலன், அவர் கை ஓய்ந்து அடுத்த துணிக்குக் காத்திருப்பது மட்டுமே. ஷோல்டர் அடிப்பவரை விரட்டினால் கழுத்து ரிப் மெஷினுக்கு முன்னால் துணி மலையாகக் குவியும். மாறாக, கழுத்து ரிப்புக்கு இன்னொரு மெஷினும் ஒரு ஆளும் போட்டால் அந்த இடத்தின் நேரம் 20 விநாடியாகிவிடும். இப்போது வரிசையைப் பிடித்து இழுப்பது 30 விநாடி எடுக்கும் கை வைக்கும் வேலை. மணிக்கு 120 வந்துவிடும். ஒருவர்கூட முன்பைவிட வேகமாகத் தைக்கவில்லை.

மெக்கானிக்கல் பொறியாளர் அந்த மெஷினைப் பார்ப்பார். தொழிலகப் பொறியாளர் பார்ப்பது மெஷினுக்கும் மெஷினுக்கும் இடையில் கிடக்கும் துணியையும், அதற்காகக் காத்திருக்கும் ஆளையும். மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசை, துறைமுகத்தில் கன்டெய்னர் நிற்கும் நாள்கள், விமான நிறுவனத்தின் பைலட் டியூட்டி அட்டவணை, மருந்துக் கிடங்கின் இருப்பு என்று இடம் மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: எங்கே தேங்குகிறது, ஏன்? இந்தக் கேள்வி யாரைத் தூங்கவிடாமல் செய்கிறதோ அவருக்கான படிப்பு இது.

இந்தத் துறை பிறந்த கதையே பிரிவு மாறியவர்களின் கதை. ஃபிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர் கல்லூரிக்குப் போகாமல் கொத்தனாரிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர். ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல் வைப்பதைப் பார்த்தார். ஒரு செங்கல்லை எடுத்து வைக்க 18 அசைவுகள் ஆவதை எண்ணினார். கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் தரை வரை குனிந்து நிமிர்கிறார். முழு உடம்பின் எடையையும் தூக்கி இறக்குகிறார். சுவர் உயர உயரக் கூடவே உயர்த்திக்கொள்ளக்கூடிய சாரத்தை வடிவமைத்து, கல்லும் கலவையும் இடுப்பு உயரத்தில் இருக்கும்படி செய்தார். கற்களைத் தரம் பார்த்து அடுக்கி வைக்கும் வேலையைச் சித்தாளிடம் கொடுத்தார். 18 அசைவு 5 ஆகக் குறைந்தது. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார். நம்மூரில் இன்றைக்கும் கட்டடம் நடக்கும் எந்தத் தெருவிலும் கொத்தனார் குனிந்துகொண்டுதான் இருக்கிறார்.

அவருடைய மனைவி லில்லியன் கில்பிரெத் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1900-ல் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவர். முதுகலையும் இலக்கியமே. பிறகு உளவியலுக்கு மாறி 1915-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். கணவர் 1924-ல் இறந்தபோது வளர்க்கப் பதினொரு பிள்ளைகள். 1935-ல் பர்டியூ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத் தொட்டியும், குளிர்சாதனப் பெட்டிக் கதவின் உள்பக்கத் தட்டுகளும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமியில் இடம்பெற்ற முதல் பெண் இந்த இலக்கிய மாணவிதான். இலக்கியத்திலிருந்து பொறியியலுக்குப் போனவரை உலகம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. நாம் மெக்கானிக்கலிலிருந்து அடுத்த கட்டடத்துக்குப் போக நினைப்பவனிடம் ‘நிலையில்லாத புத்தி’ என்கிறோம்.

இங்கே ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் நடந்த மிகச் சிறந்த தொழிலகப் பொறியியல் வேலைகளில் சிலவற்றைச் செய்தவர்கள் அந்தப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற கண் மருத்துவர். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோனவர். மெக்டொனால்ட்ஸ் கடையில் எல்லா ஊரிலும் ஒரே தரம் எப்படிச் சாத்தியமாகிறது என்று யோசித்தவர். அந்த மருத்துவமனையின் அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் கண்புரை அறுவை நடக்கும்போதே மற்ற மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடித்ததும் மருத்துவர் திரும்புகிறார், மைக்ராஸ்கோப்பும் திரும்புகிறது. நோயாளியைத் தயார் செய்வது, கருவியை எடுத்துக் கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற பெண்களின் கையில். மருத்துவரின் நேரம்தான் அந்த வரிசையின் கழுத்து ரிப் மெஷின். அது ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று மற்ற எல்லாம் அமைக்கப்பட்டிருக்கின்றன. காசு கொடுக்க முடியாதவருக்கும் அங்கே அறுவை சிகிச்சை செய்ய முடிகிறது என்றால், கருணையோடு இந்தக் கணக்கும் சேர்ந்ததால்தான்.

சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தரத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதை 1998-ல் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அதை வழிநடத்திய வேணு சீனிவாசன் கிண்டியில் பொறியியலும் பர்டியூவில் மேலாண்மையும் படித்தவர். அதன் பிறகு டி.வி.எஸ். மோட்டார், ரானே குழும நிறுவனங்கள், லூகாஸ் டி.வி.எஸ். என்று தமிழ்நாட்டு நிறுவனங்கள் வரிசையாக அந்த விருதை வாங்கின. வழக்கமான மெக்கானிக்கல்காரர்களும் டிப்ளமோக்காரர்களும் தொழிலாளர்களும் வேலையில் இருந்துகொண்டே தரக் கட்டுப்பாட்டைக் கற்றுச் சாதித்தது அது.

அப்படியானால் பட்டம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெங்கடசாமி போன்றவர்கள் முப்பது ஆண்டு அனுபவத்தில் கண்டுபிடித்ததை ஒரு மாணவர் நான்கு ஆண்டில் முறையாகக் கற்றுக்கொண்டு, அடுத்த அரசு மருத்துவமனைக்கும் அடுத்த நூல் மில்லுக்கும் எடுத்துப் போக முடியும் என்பது என் பதில். டிம் குக் அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 1982-ல் தொழிலகப் பொறியியலில்தான் பட்டம் பெற்றார். 1998-ல் ஆப்பிளுக்கு வந்து கிடங்குகளை மூடி, கையிருப்பை மாதக் கணக்கிலிருந்து நாள் கணக்குக்குக் கொண்டுவந்து பெயர் வாங்கினார். 2011-ல் அந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். அந்த நிறுவனத்தின் போன்கள் இன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் கோக்கப்படுகின்றன. அந்த வரிசைகளைத் திட்டமிடும் படிப்பை ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள எத்தனை கல்லூரிகள் இளநிலையில் தருகின்றன?

இனி, உட்கார வைத்துப் பேச வேண்டியவர்களிடம் வருகிறேன். தெர்மோடைனமிக்ஸ் புரியவில்லை, கணிதம் கசக்கிறது, அதனால் தொழிலகப் பொறியியல் என்று வருபவர் வந்த வழியே திரும்புவது நல்லது. அமெரிக்கக் கல்லூரிகளில் மற்றப் பிரிவு மாணவர்கள் இதை ‘இமேஜினரி இன்ஜினீயரிங்’ என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியை நம்பி, எளிதான பட்டம் என்று நினைத்து வருகிறவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. உள்ளே போனால் காத்திருப்பது நிகழ்தகவு, புள்ளியியல், லீனியர் அல்ஜீப்ரா, ஆபரேஷன்ஸ் ரிசர்ச். வெப்பத்தையும் விசையையும் பற்றிய கணக்கு குறையும். நிச்சயமில்லாததைப் பற்றிய கணக்கு கூடும்.

ஒரு சின்ன உதாரணம். ஒரு புறநோயாளிகள் பிரிவுக்கு மணிக்கு சராசரியாக 60 பேர் வருகிறார்கள். ஒருவர் உள்ளே சராசரியாக 2 மணி நேரம் இருக்கிறார் என்றால், எந்த நேரத்தில் போய்ப் பார்த்தாலும் அங்கே சராசரியாக 120 பேர் இருப்பார்கள். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தவர் யாரும் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் வருகை எப்படிச் சிதறினாலும், யாரை முதலில் பார்த்தாலும் இது ஏன் உண்மை என்று 1961-ல் ஜான் லிட்டில் முறைப்படி நிறுவிய பிறகுதான் அது விதியாயிற்று. சூத்திரத்தை மனப்பாடம் செய்பவருக்கு இந்தப் படிப்பு சலிக்கும். சராசரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஏற்ற இறக்கத்தைத் துருவுபவருக்குச் சலிக்காது.

இன்னொரு கூட்டம் ‘மேனேஜ்மென்ட்’ என்ற சொல்லில் மயங்கி வருகிறது. ஏ.சி. அறை, லேப்டாப், பிரசன்டேஷன் என்று கற்பனை. முதல் சில ஆண்டுகள் ஷிஃப்டில் ஷாப் ஃப்ளோரில்தான் கழியும், அதுவும் யாருக்கும் பிடிக்காத ஆளாக. ஸ்டாப்வாட்ச்சோடு வருபவரைக் கண்டால் தொழிலாளிக்குக் கை தானாக மெதுவாகும். ‘இன்னைக்கு அளந்துட்டு நாளைக்கு டார்கெட்டை ஏத்திடுவாங்க’ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அது வெறும் பயம் என்று சொல்ல மாட்டேன். ஃபிரெடரிக் டெய்லர் தன் ‘அறிவியல்முறை மேலாண்மை’ நூலை வெளியிட்ட அதே 1911-ல், அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் இந்தக் கடிகாரத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். விசாரணை நடந்தது. அரசு ஆலைகளில் ஸ்டாப்வாட்ச் வைத்து அளப்பதற்கு நிதி ஒதுக்க மாட்டோம் என்று நாடாளுமன்றமே தடை போட்டது. தொழிலாளியின் முதுகு குனியாமல் இருக்க கில்பிரெத் எண்ணியதும், அதே முதுகில் இன்னும் நான்கு சுமை ஏற்ற இன்னொருவர் எண்ணுவதும் ஒரே கருவியால்தான் நடக்கின்றன. இந்தப் படிப்புக்கு மாறுகிறவர் தான் யார் பக்கம் நின்று எண்ணப்போகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்கிறார்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. மேலே சொன்ன தையல் வரிசையை அந்த விவாதத்தோடு வைத்துப் பாருங்கள். ஒரு மெஷினைச் சேர்த்துச் சீர் செய்த வரிசை 8 மணி நேரத்தில் 960 உருப்படி தரும். அதே 960-ஐ பழைய வரிசையில் எடுக்க 10 மணி 40 நிமிடம் வேலை வாங்க வேண்டும். எங்கே தேங்குகிறது என்று பார்க்கத் தெரியாத நிர்வாகம் கடிகாரத்தை நீட்டச் சொல்லும். நல்ல தொழிலகப் பொறியாளர்கள் நமக்கு ஏன் அதிகம் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயர் தேவை’ என்று விளம்பரம் வருவது நம்மூரில் குறைவு. பிளானிங், சப்ளை செயின், ஆபரேஷன்ஸ், குவாலிட்டி, அனலிடிக்ஸ் என்ற பெயர்களில்தான் அந்த வேலை ஒளிந்திருக்கும். ஆலையில் தொடங்கும் சம்பளம் மென்பொருள் நிறுவனத்துக்குப் போகும் தோழனின் சம்பளத்தோடு ஒப்பிடும்போது பெரும்பாலும் மனதை வருத்தும். அரசு வேலையில் கண் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. ஆகட்டும், பொதுத்துறை நிறுவனம் ஆகட்டும், ஒவ்வொரு அறிவிப்பிலும் தகுதிப் பட்டங்களின் பட்டியல் இருக்கும். மெக்கானிக்கலுக்கு நிகராக இந்தப் பட்டத்தை ஏற்பதும் உண்டு, ஏற்காததும் உண்டு. பழைய அறிவிப்புகள் நாலைந்தை எடுத்துப் படித்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

சரி, மாறத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு வழி என்ன இருக்கிறது? இங்கேதான் கதவு பூட்டியிருக்கிறது. ஐ.ஐ.டி. காரக்பூரில் இண்டஸ்ட்ரியல் அண்டு சிஸ்டம்ஸ், ஐ.ஐ.டி. டெல்லியில் புரொடக்‌ஷன் அண்டு இண்டஸ்ட்ரியல் என்று பி.டெக். படிப்புகள் உண்டு. முதலாண்டு மதிப்பெண் அடிப்படையில் பிரிவு மாறும் வசதி ஐ.ஐ.டி.களில் நெடுங்காலம் இருந்தது. அது முதலாண்டு மாணவர்களைப் போட்டியில் பிழிந்தெடுக்கிறது என்று சொல்லிச் சில ஐ.ஐ.டி.கள் அந்த வசதியையே நிறுத்திவிட்டன. அந்த வசதியைப் பெரும்பாலோர் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தாவத்தான் பயன்படுத்தினார்கள் என்பது உண்மைதான். அதற்காகச் சன்னலையும் சேர்த்து அடைப்பது என்ன நியாயம்? நம் மாநிலத்தின் இணைப்புக் கல்லூரிகளில் நிலைமை வேறு. மாற வேண்டிய பிரிவு அந்தக் கல்லூரியிலேயே இருக்காது. இன்னொரு கல்லூரிக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் அடுத்த ஆண்டு கலந்தாய்வில் புதிதாக நிற்பதுதான் வழி. ஓராண்டு போகும், கட்டிய பணமும் போகும்.

அப்படி நிற்கத் துணிபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் பட்டதாரிச் சலுகையிலோ அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு இடஒதுக்கீட்டிலோ சேர்ந்திருந்தால், பாதியில் விலகினால் அந்தச் சலுகை மறுபடி கிடைக்குமா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்விக்கடன் வாங்கியவர்கள் வங்கியிடம் முதலில் பேச வேண்டும். அசல் சான்றிதழ்கள் யார் கையில் இருக்கின்றன, திரும்பக் கேட்டால் எவ்வளவு கட்டச் சொல்வார்கள் என்பதும் விலகும் கடிதம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியது. முதலாண்டு முடிவதற்குள் என்றால் இதையெல்லாம் யோசிக்கலாம். மூன்றாம் ஆண்டில் இருப்பவர் யோசிக்கவே வேண்டாம். இருக்கிற பட்டத்தை முடித்துவிட்டு முதுநிலையில் மாறுவதே புத்திசாலித்தனம்.

முதுநிலையில் வழி அகலம். கேட் தேர்வில் புரொடக்‌ஷன் அண்டு இண்டஸ்ட்ரியலுக்குத் தனித் தாளே உண்டு. திருச்சி என்.ஐ.டி.யில் இதற்கென எம்.டெக். இருக்கிறது, கிண்டியில் எம்.இ. இருக்கிறது. தொழிலகப் பொறியியலுக்காகவே 1963-ல் மும்பையில் தொடங்கப்பட்ட ‘நைட்டி’ நிறுவனம் 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆகியிருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு என் யோசனை இன்னும் எளிது. மாற வேண்டாம். இன்று இந்தத் துறையின் கடினமான வேலைகளில் பாதி நிரல் எழுதும் வேலை. உகப்பாக்கக் கணக்கில் 1984-ல் உலகையே திரும்பிப் பார்க்க வைத்த நரேந்திர கர்மார்கர், ஐ.ஐ.டி. பம்பாயில் எலெக்ட்ரிக்கல் படித்தவர். இருக்கும் இடத்திலேயே ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சையும் சிமுலேஷனையும் விருப்பப் பாடமாக எடுங்கள். மெக்கானிக்கல், டெக்ஸ்டைல் முதலாண்டு மாணவர் என்றால், வாய்ப்புக் கிடைத்தால் மாறுங்கள் என்றே சொல்வேன்.

முடிவெடுப்பதற்கு முன் காசில்லாமல் சோதித்துப் பார்க்க வழியுண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் ஜி. சீனிவாசனின் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் விரிவுரைகள் என்.பி.டெல்.லில் இலவசமாக இருக்கின்றன. முதல் சில வகுப்புகளைப் பேனாவும் தாளுமாகப் பாருங்கள். கணக்கைப் பாதியில் நிறுத்தி அவருக்கு முன்னால் விடை கண்டுபிடிக்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் வெளியிட்ட ‘தி கோல்’ என்ற நாவலைப் படியுங்கள். மூடப்படவிருக்கும் ஆலை ஒன்றின் மேலாளரைப் பற்றிய கதை. எழுதியவர் இயற்பியல் படித்தவர். பிறகு ஹாஸ்டல் மெஸ் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மதிய வேளை நோட்டோடு நில்லுங்கள். தட்டு எடுக்க எவ்வளவு நேரம், சோற்றுக்கு எவ்வளவு, அப்பளத்துக்காக எத்தனை பேர் நிற்கிறார்கள், அந்த அப்பளத் தட்டை இரண்டடி தள்ளி வைத்தால் என்ன ஆகும்? சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினால் இந்தப் படிப்பு உங்களுக்கு வேண்டாம். அடுத்த நாளும் போய் நிற்கத் தோன்றினால் வீட்டில் பேச்சை எடுக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பதினேழு வயதில் பிரவுசிங் சென்டரில் எடுத்த முடிவைப் பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை மறுபரிசீலனை செய்வது ஒழுக்கக் கேடு அல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இரண்டாம் ஆண்டு வரை பிரிவை முடிவு செய்யாமலே படிக்கலாம். அங்கே போய் இந்தப் படிப்பில் எம்.எஸ். படிக்க லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கொடுக்கத் தயாராக இருக்கும் குடும்பங்கள், இங்கே ஓராண்டு இழப்பதை மட்டும் மானப் பிரச்சினையாகப் பார்க்கின்றன.

அரசும் அண்ணா பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஆண்டுதோறும் கலந்தாய்வு முடிந்த பிறகு ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. முதலாண்டுப் பாடங்கள் எல்லாப் பிரிவுகளுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாண்டு முடிவில் அந்தக் காலி இடங்களுக்கென ஒரு சிறு மறுகலந்தாய்வு நடத்தலாம். பெற்ற சலுகையும் இடஒதுக்கீடும் மாணவரோடு சேர்ந்து நகரட்டும். 2021 ஒழுங்குமுறையில் கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் மைனர் பட்டம் பெறும் வழி வந்தது. தொழிலகப் பொறியியலை எந்தப் பிரிவு மாணவரும் எடுக்கக்கூடிய மைனராக அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ஆம்பூர், சிவகாசி வட்டாரக் கல்லூரிகளில் அதை முதலில் தொடங்கலாம். ஆய்வுக்கூடத்துக்கு அங்கே தனிக் கட்டடம் தேவையில்லை. பேருந்து ஏறினால் ஆலை. அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை அறிவிப்பு வெளிவருவதற்கு முன் உயர்கல்வித் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும்.